இடுக்கு மெழுகு

டாப் மாடல் வண்டி வெயிலில் நிற்கக் கூடாதாம். அதனால் மாதக் கடைசிக்குள் ஷெட்டைக் காலி செய்துவிட வேண்டுமாம். அண்ணன் இதைச் சும்மா சொல்லவில்லை. உறை போட்டு மூடிய தன் வெள்ளைக் காரின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, காரும் தன்னோடு சேர்ந்து சொல்வதுபோலச் சொன்னான். அண்ணி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெயிண்ட் போயிடும் குச்சி. சாதா வண்டின்னா எங்க வேணா போட்டுட்டுப் போலாம். இது டாப் மாடல். நிழல் வேணும்."

"அப்ப எனக்கு?"

"உனக்கென்ன, தண்ணி இருக்கிற இடமெல்லாம் உனக்கு ஆபீஸ்தான்."

குச்சி என்பது அவளுடைய சின்ன வயதுப் பட்டப்பெயர். உடம்பு அப்படி. வளர்ந்த பிறகும் அந்த உடம்பு பெயருக்குத் துரோகம் செய்யவில்லை. அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் அவள் கார் துடைக்கும் தொழில் செய்துவந்தாள். இடம் அண்ணன் பெயரில்தான். அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் கொடுத்தபோது அது ஷெட்டாகவா இருந்தது? உடைந்த நாற்காலிகளும் எலிகளும் குடித்தனம் நடத்திய தகரக் கொட்டகை. தரையைச் சரிவாகக் கட்டி, தண்ணீர் ஓட வாய்க்கால் வைத்து, குழாய் இழுத்து, நாலா பக்கமும் வெளிச்சம் விழும்படி விளக்கு மாட்டியது எல்லாம் அவள். கல்யாணம் முறிந்து திரும்பி வந்த சமயம் அது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "அந்த அழுக்கைச் சுரண்டிப் போட்டாச்சு, அடுத்த வண்டியக் கொண்டாங்க" என்று வாயை அடைத்துவிடுவாள்.

தெருமுனையில் ஒரு மாடி அறை வாடகைக்கு. பகல் முழுக்க ஷெட். யார் கையையும் எதிர்பார்க்காத பிழைப்பு. ஷெட் போனால் அதுவும் போகும். "வீட்டோட வந்து இருந்துக்கோ, அண்ணிக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்று அண்ணன் பெரிய மனதோடு சொல்லியிருந்தான். அந்த வார்த்தையை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒத்தாசையாம்!

அவள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காரைப் பளபளக்க வைக்க யாராலும் முடியும். மெழுகை அள்ளி அப்பி, மெஷினை ஓட்டி, மேலாகத் துடைத்தால் முகம் தெரியும். வாங்கிக்கொண்டு போகிறவரும் மயங்கிப் போவார். ஆனால் காரின் நெற்றியில் இருக்கிற முத்திரையின் வளைவுகளிலும், பின்னால் இருக்கிற எழுத்துகளின் ஓரங்களிலும் ஒதுங்கிய மெழுகு அங்கேயே தங்கிவிடும். அது காய்ந்து, தூசியைச் சேர்த்துக்கொண்டு, பல் இடுக்கில் சிக்கியது போல இறுகும். அதை எடுப்பதில்தான் குச்சி பேர்போனவள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் முதலில் ஊற வைப்பாள். பிறகு ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து லேசான சூடு காட்டுவாள். மெழுகு இளகினால் போதும், பெயிண்டுக்குத் தெரியக்கூடக் கூடாது. பிறகு மென்மையான டூத் பிரஷ். அதற்கும் மசியாவிட்டால் நுனியில் துணி சுற்றிய மரக்குச்சி. ஊசி, பிளேடு, ஸ்க்ரூடிரைவர் என்று எவன் கொண்டுவந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுவாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை முடிந்ததும், வண்டியைக் கொண்டுவந்தவர் எவரோ அவர் கையிலேயே ஒரு டார்ச்சைக் கொடுப்பாள். "நீங்களே அடிச்சுப் பாருங்க. ஒவ்வொரு இடுக்கா பாருங்க. பாத்துட்டு வாங்க, சாவி தர்றேன்." வேறு ஆளை அனுப்பினால் நடக்காது. அவசரம் என்று கத்தினாலும் நடக்காது. ஒரு டாக்டர் ஆபரேஷனுக்கு நேரமாகிவிட்டது என்று குதித்தார். "அப்ப சீக்கிரம் பாருங்க டாக்டர்" என்று டார்ச்சை நீட்டினாள். மனிதர் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார். அடுத்த வாரம் தன் மாமனார் வண்டியையும் கொண்டுவந்தார்.

ஊரார் வண்டியெல்லாம் அவள் கையில் மின்னின. அண்ணனுடைய வண்டியை மட்டும் அவள் தொட்டதில்லை. தொட அவன் விட்டதில்லை. இன்னொருவர் ஓட்டிய பழைய வண்டியைத்தான் வாங்கினான், ஆனாலும் வாங்கிய நாளிலிருந்து உறை போட்டு மூடியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை தானே மெழுகு போடுவான். "டாப் மாடலுக்கு உன் டூத் பிரஷ் வேணாம்மா" என்பான். அந்த டாப் மாடலுக்காக அண்ணி தன் ஸ்கூட்டரை விற்றிருந்தாள். சிவப்பு ஸ்கூட்டர். கல்யாணத்துக்கு முன்பே வேலைக்குப் போய்ச் சொந்தக் காசில் வாங்கியது. "சாதா மாடல்னா சமாளிச்சுடுவேன், டாப் மாடலுக்குத்தான் கொஞ்சம் இடிக்குது" என்று அண்ணன் இழுத்தான், அவள் கொடுத்துவிட்டாள். இப்போது அவள் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறாள். வீட்டில் கார் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். கார் இருக்கிறது, சாவி அண்ணன் பையில் இருக்கிறது.

அன்று மத்தியானம் ஷெட்டுக்குள் ஒரு கார் தவழ்ந்து வந்தது. குச்சி நிமிர்ந்து பார்த்தால், வெள்ளைக் கார். ஓட்டி வந்தது அண்ணி. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணியிடம் லைசென்ஸ் எப்போதோ இருந்தது, ஸ்டியரிங்தான் கிடைத்ததில்லை.

"அண்ணி! அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் இங்க இருப்பேனா? யாரோ கூட்டாளி வண்டியில சங்கத்துக்குப் போயிருக்காரு, நாற்காலி போடுறதைப் பாக்கணுமாம். சாவியை மறந்து ஆணியில மாட்டிட்டுப் போயிட்டாரு." அண்ணி இறங்கிக் கையை உதறினாள். "இன்னைக்குக் கடைக்காரங்க சங்கத்துக்குத் தலைவர் ஆகப் போறாருல்ல. சாயங்காலம் இந்த வண்டியிலதான் போய் இறங்கணும். நீ உன் கைவேலையக் காட்டு. அதைப் பாத்தாருன்னா மனசு இளகி ஷெட்டை விட்டுடுவாரு."

"அண்ணன் மனசு மெழுகு இல்ல அண்ணி, சூடு காட்டினா இளகுறதுக்கு."

"நீ செய்யேன். மத்ததை நான் பாத்துக்கறேன். முக்கியமா இந்த டிக்கி எழுத்தைப் பாரு, கண்றாவியா இருக்கு. துடைக்கப் போனா, 'தொடாதே, வாக்ஸ் போட்டிருக்கேன்'னு பாய்ஞ்சு வர்றாரு. நான் போய் டீ போடுறேன், முடிச்சதும் கூப்பிடு."

குச்சி முன்பக்கத்தில் தொடங்கினாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. அண்ணி சொல்வது நடந்துவிட்டால்? தன் வேலையை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் அண்ணன் கொஞ்சமாவது வெட்கப்பட மாட்டானா? அந்த ஆசையோடுதான் முத்திரையின் வளைவு வளைவாகத் துடைத்தாள், கதவுக் கைப்பிடிகளின் அடியைத் துடைத்தாள். உள்ளே ஸ்டியரிங் பக்கத்தில் பட்டன் இருக்க வேண்டிய இடங்களில் வெறும் மூடிகள் இருந்தன. இதே டாப் மாடல் போன மாதம் ஒன்று வந்திருந்ததே, அதில் எல்லாம் பட்டனாக இருந்ததே என்று ஒரு நொடி தோன்றியது. வேறு வருஷத்து வண்டியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு டிக்கிக்கு வந்தாள். மூன்று வெள்ளி எழுத்துகள், டாப் மாடலின் அடையாளம். அவற்றைச் சுற்றி மெழுகு, அதுவும் எப்படி! இடுக்கில் ஒதுங்கியது போல இல்லை. சுவர் விரிசலுக்குச் சுண்ணாம்பு அடைத்தது போல எழுத்துகளுக்கு நடுவிலும் மேலும் கீழும் வேண்டுமென்றே திணித்துத் தடவியிருந்தது. வெள்ளையாகத்தான் வைத்திருப்பான். தூசி ஏறிப் பழுப்பாகிவிட்டது. "மெழுகு போடச் சொன்னா பூச்சு வேலை பாத்திருக்கான்" என்று முணுமுணுத்துக்கொண்டு ஹேர் டிரையரை எடுத்தாள்.

மெழுகு இளகியது. அதோடு முதல் எழுத்தும் இளகி, சறுக்கி, பம்பர் மேல் விழுந்தது.

இத்தனை வருஷத்தில் அவள் கையில் ஒரு எழுத்தும் விழுந்ததில்லை. கம்பெனியில் ஒட்டிய எழுத்து இந்தச் சூட்டுக்கு அசையவே அசையாது. பதறிப்போய் அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் ஸ்டேஷனரிக் கடையில் விற்கிற இரட்டைப் பக்க டேப். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது எழுத்தும் மூன்றாவதும் வரிசையாக வந்து விழுந்தன. அவை நின்ற இடத்தில் மிச்சமிருந்த மெழுகைத் துணியால் ஒற்றி எடுத்தாள்.

அடியில் வேறு இரண்டு எழுத்துகள் இருந்தன. எழுத்து இல்லை, எழுத்து இருந்த இடம். சுற்றிலும் பெயிண்ட் வெயிலில் பழசாகி லேசாக மங்கியிருக்க, அந்த இரண்டு எழுத்துகளின் வடிவம் மட்டும் புத்தம் புது வெள்ளையாக இருந்தது. அதன் ஓரம் முழுக்க நூல் பிடித்தது போல ஒரு மஞ்சள் கோடு. முதல் சொந்தக்காரர் காலத்து மெழுகு, அப்போதே இடுக்கில் ஒதுங்கிக் கல்லாகிப் போனது. அந்த இரண்டு எழுத்து இந்தக் காரின் சாதா மாடலுக்கு உரியது. குச்சியிடம் வாரம் ஒன்றாவது வரும்.

அண்ணன் பழைய எழுத்தைப் பெயர்த்துவிட்டுப் புது எழுத்தை ஒட்டியிருக்கிறான். தடம் முழுசாக மறையவில்லை. மிச்சத்தை மெழுகு வைத்து அடைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அடைத்திருக்கிறான்! அவள் அழுக்கு என்று நினைத்து எடுத்தது அழுக்கே இல்லை, மூடி. அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்பார்கள், வெளுத்த காரும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. பிறகு பஸ் நிறுத்தத்தில் கைப்பையோடு நிற்கிற அண்ணியின் முகம் ஞாபகம் வந்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"என் வண்டி இங்க என்ன பண்ணுது?"

அண்ணன் ஷெட் வாசலில் நின்றான். புதுச் சட்டை, சீவிய தலை, தலைவருக்குரிய நடை. பாதி நடையில் அவன் கண் டிக்கியில் விழுந்தது. அதோடு தலைவர் காணாமல் போய், மாங்காய் திருடி மாட்டிக்கொண்ட சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டான்.

"அவ பாத்தாளா?" குரல் காற்றாக வந்தது.

"இன்னும் இல்ல. உள்ள டீ போடுறாங்க."

"ஒட்டு. சீக்கிரம் ஒட்டு. வாக்ஸ் எங்க இருக்கு? முன்னாடி இருந்த மாதிரியே வை."

"அப்ப ஸ்கூட்டர் வித்த காசு எங்கண்ணே போச்சு?"

"ஐயோ, இப்ப அதுவா முக்கியம்? சங்கத்து ஆளுங்களுக்கு விருந்து, அது இதுன்னு ஆயிடுச்சு. சும்மா வருமா தலைவர் பதவி? யாருக்குப் பெருமை? நம்ம குடும்பத்துக்குத்தானே? ஒட்டு குச்சி, நேரமாகுது."

"நீயே சொல்லிடேன் அண்ணிகிட்ட."

"உனக்குக் குடும்பம்னா என்ன தெரியும்?" என்று ஆரம்பித்தவன், தங்கை முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று இறங்கினான். கிட்டே வந்து அவள் தோளில் கை வைத்தான். அந்தக் கை அங்கே வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "இங்க பாரு. ஷெட் உனக்குத்தான். மாசக் கடைசி, காலி பண்ணு, அதெல்லாம் போச்சு. உன் பேருக்கே எழுதித் தர்றேன். திங்கட்கிழமையே எழுதிடலாம். இதை மட்டும் மூடிடு."

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். அவளுக்குச் சபலம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். தான் கட்டிய தரையைப் பார்த்தாள். தான் மாட்டிய விளக்குகளைப் பார்த்தாள். எழுதித் தருகிறேன் என்கிறான். செய்ய வேண்டியது என்ன? மூன்று எழுத்து, ஒரு விரல் மெழுகு. அண்ணி இத்தனை நாள் தெரியாமல்தானே இருந்தாள், இனியும் இருந்துவிட்டுப் போகட்டுமே. அவள் கை அலமாரிக்குப் போய் மெழுகு டப்பாவை எடுத்தது. மூடியைக்கூடத் திறந்துவிட்டாள். இந்த ஷெட்டில் எத்தனையோ இடுக்குகளிலிருந்து மெழுகை எடுத்த விரல், ஒரு இடுக்கில் திணிப்பதற்காக டப்பாவுக்குள் போகப் பார்த்தது. அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேல் வந்ததைவிடத் தன் விரல் மேல் அதிகமாக வந்தது.

டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள்.

"என்ன, வைக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"ஏய், துடைக்கிறவ துடைக்கிறதோட நில்லு. வீட்டு விஷயத்துல தலையிடாத."

"துடைச்சதோடதான் நிக்கிறேன். மெழுகைத் திரும்ப அப்ப மாட்டேன்."

அண்ணன் எழுத்துகளைப் பிடுங்கித் தானே ஒட்டப் பார்த்தான். சோப்புத் தண்ணீர் காயாத இடத்தில் எந்த டேப் ஒட்டும்? ஒன்றை அழுத்தினால் இன்னொன்று வழுக்கியது. தலைவர் குனிந்து தரையில் எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது குச்சி வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அண்ணி, வண்டி ரெடி! வந்து பாருங்க!"

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். புருஷனைப் பார்த்ததும் தயங்கினாள். "அட, வந்துட்டீங்களா? நான்தான் கொண்டுவந்தேன், கோவிச்சுக்காதீங்க..."

அண்ணன் டிக்கி மேல் சாய்ந்து நின்றுகொண்டு சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை அவன் முகத்தில் யாரும் பார்த்ததில்லை. "பரவால்ல, பரவால்ல. நீ உள்ள போ, நான் கிளம்பணும்."

"வண்டியைக் கொண்டுவந்தது அண்ணி" என்றாள் குச்சி. டார்ச்சை எடுத்து அண்ணி கையில் வைத்தாள். "முன்னாடியிருந்து பாருங்க. ஒரு இடத்துல மட்டும் பழைய மெழுகு பாக்கி இருக்கு. அதை எடுக்கணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

அண்ணி முன்னால் போய்க் குனிந்தாள். முத்திரையில் டார்ச் அடித்து, "அடேயப்பா" என்றாள். கைப்பிடிகளின் அடியில் அடித்தாள். கண்ணாடி ஓரங்களில் அடித்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள், பார்க்கச் சொன்னதை ஒழுங்காகப் பார்க்கிற மனுஷி அவள். ஒவ்வொரு இடமாக வெளிச்சம் பின்னால் நகர நகர அண்ணனுடைய புதுச் சட்டை முதுகோடு ஒட்டியது.

"கொஞ்சம் நகருங்க."

"அங்க ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாட்டி நகருறதுக்கு என்ன?"

நகர்ந்தான். வேறென்ன செய்வான்? வெளிச்சம் அந்த இரண்டு எழுத்தின் மேல் நின்றது. அண்ணி விரலால் மஞ்சள் கோட்டைத் தடவினாள், ஒரு எழுத்தைச் சுற்றி, பிறகு அடுத்த எழுத்தைச் சுற்றி. பஸ்ஸுக்கு நின்ற காலை நேரங்களில் இதே கார் இந்த எழுத்தை மறைத்துக்கொண்டு தன்னைத் தாண்டிப் போனதை எல்லாம் அவள் அந்த விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள் என்று குச்சிக்குத் தோன்றியது.

"இது ரெண்டு எழுத்து" என்றாள் கடைசியில். "நான் ஸ்கூட்டரைக் கொடுத்தது மூணு எழுத்துக்கு."

"சொல்றதைக் கேளு. நானே உங்கிட்ட சொல்லணும்னுதான்..." அவனுக்கு மேலே வரவில்லை. வராத வார்த்தை எல்லாம் தங்கை பக்கம் கோபமாகத் திரும்பியது. "எல்லாம் இவ பண்ற வேலை! நல்லா இருக்கிற குடும்பத்துல கிண்டிவிடுறா! ஏய், எடு உன் சாமானை. மாசக் கடைசி எல்லாம் கிடையாது. இப்பவே வெளிய போ!"

"போறேன்" என்றாள் குச்சி. பிரஷ்களைப் பக்கெட்டில் போட்டாள். ஹேர் டிரையரின் ஒயரைச் சுற்றினாள். "நீ எழுதித் தர்றேன்னு சொன்ன ஷெட்டும் வேணாம், அதை வாங்குறதுக்கு நீ சொன்ன வேலையும் வேணாம். தண்ணி இருக்கிற இடமெல்லாம் என் ஆபீஸ்தான், நீதானே சொன்ன? ஆனா சாவி, கொண்டுவந்தவங்க கையிலதான்."

சாவியை அண்ணியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு பக்கெட்டைத் தூக்கினாள்.

"பக்கெட்டைக் கீழ வை" என்றாள் அண்ணி.

அவ்வளவுதான் சொன்னாள். கதவைத் திறந்து ஏறினாள். கார் ஒரு தடவை உறுமி, ஒரு தடவை குலுங்கி, பிறகு பின்னோக்கி ஷெட்டை விட்டு வெளியே போனது. வரும்போது தவழ்ந்த வண்டி இப்போது தவழவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், தெருவில், நிழல் என்பது மருந்துக்கும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினாள். உறை போடவில்லை. திரும்பி நடந்து வந்தபோது சாவி அவள் இடுப்பில் செருகியிருந்தது.

"என்ன பண்ற நீ? வெயில் அடிக்குது அங்க!"

"அடிக்கட்டும். சாதா வண்டின்னா எங்க வேணா போட்டுட்டுப் போலாம்னு நீங்கதான் சொன்னீங்க. நானும் வாசல்ல நின்னு கேட்டேனே." அண்ணி மூச்சு வாங்கினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் பேச்சு கலங்கவில்லை. "அதுக்கு ஷெட் வேண்டாம். ஷெட் இவளுக்கு வேணும். எழுதித் தர்றேன்னு சொன்னீங்களாமே, எழுதுங்க. நானும் கூட வர்றேன்."

"சரி, சரி, அப்புறம் பேசலாம். எனக்கு நேரமாச்சு, எல்லாரும் காத்துட்டிருப்பாங்க. சாவியைக் கொடு."

"பஸ் வரும்" என்றாள் அண்ணி. "கொஞ்சம் நெரிசலா இருக்கும். கம்பியக் கெட்டியா புடிச்சுக்கணும், நான் தினமும் புடிக்கிறேன்ல."

அண்ணன் தங்கையைப் பார்த்தான். தங்கை பக்கெட்டிலிருந்து பிரஷ்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அவன் நடந்தான். புதுச் சட்டைப் பையில் மூன்று எழுத்துகளும் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுத்தது தெருத் திரும்பும்வரை கேட்டது.

இரண்டு பேரும் தெருவுக்கு வந்து காரின் பின்னால் நின்றார்கள். டீ ஆறிப்போயிருந்தது, அண்ணி அதையே இரண்டு டம்ளரில் கொண்டுவந்திருந்தாள்.

"இந்த மஞ்சக் கோடு போயிடுமா?"

"அரை நிமிஷத்துல போயிடும் அண்ணி. எடுக்கட்டுமா?"

அண்ணி டீயைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தாள்.

"வேணாம், இருக்கட்டும்."

குச்சி கையிலிருந்த மரக்குச்சியைக் காதுக்கு மேலே செருகிக்கொண்டாள். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஒரு வண்டியின் இடுக்கில் மெழுகை விட்டுவைத்தாள். அதைப் பார்க்க டார்ச் தேவைப்படவில்லை. வெயிலிலேயே நன்றாகத் தெரிந்தது.